மரபணு மாற்றிய உணவு: கடைக்காரர் யாரிடம் எதைக் கேட்க வேண்டும்?

முன்பெல்லாம் கடைக்கு வருபவர் இரண்டே கேள்விதான் கேட்பார். விலை என்ன, திகதி முடிந்துவிட்டதா என்பவைதான் அவை. கொஞ்சக் காலமாக மூன்றாவது கேள்வி ஒன்றும் சேர்ந்திருக்கிறது. "இது மரபணு மாத்தின சாமானா முதலாளி?" என்று கேட்கிறார்கள். பலாங்கொடை டவுனில் உள்ள ஆசிரியர்களும் பம்பஹின்ன பல்கலைக்கழகப் பிள்ளைகளும் மட்டும்தான் இப்படிக் கேட்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். பின்னவல பக்கத்துத் தோட்டங்களில் இருந்து சம்பளம் எடுத்த கையோடு சாமான் வாங்க வரும் பெண்களும் கேட்கிறார்கள். போனில் யாரோ அனுப்பிய படம் ஒன்றைக் காட்டுகிறார்கள். அதில் ஒரு தக்காளிக்குள் ஊசி குத்தப்பட்டிருக்கும். கீழே பயங்கரமாக நாலு வரி எழுதியிருக்கும்.

வியாபாரிகளாகிய நம்மிடம் இதற்கு இரண்டு பதில்கள் இருக்கின்றன. "அப்படி ஒன்றும் இல்லை, கொண்டு போங்க" என்பது ஒன்று. "இப்போ வர்றது எல்லாமே அப்படித்தான்" என்பது மற்றது. இரண்டுமே பார்த்து, விசாரித்துச் சொல்லும் பதில்கள் அல்ல. உணவுச் சாமான் விற்பவனுக்கு இந்த விடயத்தில் சட்டப் பொறுப்பும் இருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. எனவேதான் இந்த வாரம் இதை எழுத நினைத்தேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக் கொள்வோம். ஹைபிரிட் விதை வேறு, மரபணு மாற்றம் வேறு. ஒரே இனத்தைச் சேர்ந்த இரண்டு செடிகளை மகரந்தம் மாற்றிச் சேர்த்து எடுப்பது ஹைபிரிட். ஓர் உயிரின் மரபணுவை ஆய்வுகூடத்தில் வெட்டி எடுத்து, வேறோர் உயிரின் உள்ளே பதிப்பது மரபணு மாற்றம். மண்ணில் உள்ள ஒரு பக்டீரியாவின் மரபணுவைச் சோளத்தில் வைப்பார்கள். அதன் பிறகு அந்தச் சோளத்தைத் தின்னும் புழு செத்துப் போகும். வேறொரு பக்டீரியாவின் மரபணுவைச் சோயாவில் வைப்பார்கள். களைநாசினி அடித்தால் களை மட்டும் கருகும், சோயா தப்பும். உலகச் சந்தையில் உள்ள மரபணுப் பயிர்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு வகைதான்.

நம் சந்தையில் குவிந்து கிடக்கும் 'ரெட் லேடி' பப்பாசியை மரபணுப் பழம் என்று சொல்லித் தட்டிவிடுபவர்கள் இருக்கிறார்கள். அது தாய்வானில் இருந்து வந்த ஹைபிரிட் இனம். ஹவாய்த் தீவில் மரபணுப் பப்பாசி உண்டு. அங்கே வைரஸ் நோயால் தோட்டங்கள் அழிந்துகொண்டிருந்தபோது 1998இல் அது நடுகைக்கு வந்தது. அந்தப் பழம் வேறு, இந்தப் பழம் வேறு. விதையில்லாத வத்தகப் பழமும் விதையில்லாத திராட்சையும் அப்படித்தான், மரபணு மாற்றத்தால் வந்தவை அல்ல. இலங்கையில் எந்தவொரு மரபணுப் பயிரும் விவசாயிகள் செய்கை பண்ணுவதற்கு அனுமதிக்கப்படவில்லை. ஆகவே நுவரெலியா கோவா, தம்புள்ளைக் கத்தரிக்காய், மொனராகலைச் சோளம் இவற்றையெல்லாம் சந்தேகக் கண்ணோடு பார்க்க வேண்டிய அவசியமில்லை. அந்த மரக்கறியில் மருந்து அடித்திருக்கிறார்களா என்பது வேறு கேள்வி. சொல்லப்போனால் அதுதான் இன்னும் பெரிய கேள்வி.

பயத்துக்கு ஆதாரம் என்ன?

மரபணு உணவு சாப்பிட்டால் புற்றுநோய் வரும், பிள்ளை பிறக்காது என்று சொல்பவர்களுக்கு முன்னால் நான் ஆய்வாளன் அல்ல. எட்டிய வரை வாசித்ததைச் சொல்கிறேன். அமெரிக்காவின் தேசிய விஞ்ஞானக் கழகங்கள் 2016இல் பெரிய அறிக்கை ஒன்றை வெளியிட்டன. சந்தையில் உள்ள மரபணு உணவுகள் சாதாரண உணவை விட மனிதருக்குக் கூடுதல் ஆபத்தானவை என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை என்பது அதன் முடிவு. எலிகளுக்குக் கட்டி வந்த படங்களோடு 2012இல் பிரான்சில் இருந்து வெளியான ஆய்வு உலகம் முழுக்கப் பரவியது. அந்த ஆய்வை அடுத்த வருடமே அதை வெளியிட்ட சஞ்சிகை மீளப் பெற்றுக்கொண்டது. போனில் இன்றும் சுற்றுவது அந்த எலிப் படம்தான்.

அதற்காகக் கவலையே வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். பிரேசில் கொட்டையில் இருந்து மரபணு ஒன்றை எடுத்துச் சோயாவில் வைத்து, கால்நடைத் தீனியின் சத்தைக் கூட்ட ஒரு விதைக் கம்பனி முயன்றது. அந்தக் கொட்டை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இந்தச் சோயாவும் ஒவ்வாமை உண்டாக்கும் என்பது பரிசோதனையில் தெரிய வந்தது. 1996இல் அந்த ஆய்வு பிரசுரமானது. அந்தச் சோயா சந்தைக்கு வரவேயில்லை. பரிசோதனை ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

களைநாசினி பற்றிய கவலையும் இருக்கிறது. மரபணுச் சோயா தாங்கிக்கொள்ளும் களைநாசினி கிளைபோசேற். தேயிலைத் தோட்டப் பக்கத்து ஆட்களுக்கு அந்தப் பெயரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 2015 மார்ச்சில் உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் அதை 'புற்றுநோயை உண்டாக்கக் கூடும்' என்ற பிரிவில் சேர்த்தது. அமெரிக்க, ஐரோப்பிய அதிகாரிகள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அதே 2015இல் நமது அரசாங்கம் அதற்குத் தடை போட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடை தளர்த்தப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் தோட்டங்கள் வேறு களைநாசினிக்குப் போயின. அதன் எச்சம் தேயிலையில் இருக்கிறது என்று ஜப்பான்காரர் முறையிட்டனர். நம் சட்டம் எதைச் சொன்னாலும் வாங்குபவனின் சட்டம் ஒன்று இருக்கிறது என்பதை அன்று தேயிலைக்காரர்கள் நன்றாகவே அனுபவித்தார்கள்.

இவை எல்லாவற்றையும் விட, தெரிந்து வாங்கும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு. சாப்பிடுவதா, வேண்டாமா என்பது அவருடைய தீர்மானம். பொருளில் என்ன இருக்கிறது என்று சொல்வது விற்பவனின் வேலை. இதில் விஞ்ஞானச் சண்டை எதுவும் இல்லை.

2001இல் தடை, 2007இல் சட்டம்

இலங்கை இந்த விடயத்தில் தூங்கிக்கொண்டிருந்த நாடு அல்ல. 2001ஆம் ஆண்டு சுகாதார அமைச்சு உணவுச் சட்டத்தின் கீழ் மரபணு உணவு இறக்குமதியை முற்றாகத் தடை செய்தது. மே 1ஆம் திகதியில் இருந்து அது அமுலுக்கு வரும் என்று அறிவிக்கப்பட்டது. இவ்வளவு பரந்த தடையை அன்று உலகில் எந்த நாடும் போட்டிருக்கவில்லை என்று பத்திரிகைகள் எழுதின. புறக்கோட்டை இறக்குமதியாளர்கள் திகைத்தார்கள். அமெரிக்கா எதிர்ப்புத் தெரிவித்தது, உலக வர்த்தக அமைப்பில் பேச்சு எழுந்தது. ஏற்றுமதி செய்யும் நாடுகள் ஆயத்தமாக அவகாசம் வேண்டும் என்று சொல்லி, தடை செப்டெம்பர் 1ஆம் திகதிக்குத் தள்ளிப் போடப்பட்டது. பிறகு திகதியே குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது. ஒரு சிறிய நாடு, தன் மக்கள் எதைச் சாப்பிட வேண்டும் என்பதைத் தானே தீர்மானிக்கப் போனால் என்ன நடக்கும் என்பதை அந்த நாலு மாதங்களில் கண்டோம்.

அத்தோடு கதை முடிந்துவிட்டது என்றுதான் வியாபாரிகளில் அநேகர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். முடியவில்லை. 2006இல் புதிய ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வெளியாகி, 2007 ஜனவரி 1ஆம் திகதி முதல் அமுலுக்கு வந்தன. இதில் முழுத் தடை இல்லை. அனுமதியும் லேபலும்தான் நிபந்தனை. மரபணு மாற்றிய எதையும், அது கலந்த எதையும், அதிலிருந்து செய்த எதையும் மனித உணவாகக் கொண்டுவர வேண்டுமென்றால் பிரதான உணவு அதிகாரியின் அனுமதி வேண்டும். அந்தப் பதவியை வகிப்பவர் சுகாதார சேவைகள் பணிப்பாளர் நாயகம். அனுமதி கிடைத்த பொருளின் லேபலில் அது மரபணு மாற்றப்பட்டது என்று எழுத வேண்டும். தவிர்க்க முடியாமல் தற்செயலாகக் கலந்ததற்கு மட்டும், ஒவ்வொரு சேர்மானத்திலும் 0.5 வீதம் வரை விட்டுக்கொடுப்பு உண்டு.

இந்த 0.5 வீதம் எவ்வளவு கடுமையானது என்று பாருங்கள். ஐரோப்பாவில் எல்லை 0.9 வீதம். அவுஸ்திரேலியாவில் 1 வீதம். அமெரிக்காவில் லேபல் கட்டாயமானதே 2022 ஜனவரியில்தான், அங்கே 5 வீதம் வரை சொல்லத் தேவையில்லை. எழுத்தில் பார்த்தால் நாம் ஐரோப்பாவையும் மிஞ்சியவர்கள்.

நடைமுறையில்? முப்பது வருடமாகத் தட்டில் சாமான் அடுக்குகிறேன். 'மரபணு மாற்றப்பட்டது' என்று எழுதிய ஒரு பெக்கட்டை என் கையால் இன்னும் தொடவில்லை. வரும் அத்தனை சாமானும் சுத்தமாக இருப்பதால்தான் அப்படி என்றால் மிகவும் நல்லது. அமெரிக்கச் சோளத்திலும் சோயாவிலும் 90 வீதத்துக்கு மேல் மரபணுப் பயிர் என்பதை நினைத்துப் பார்க்கும்போது அதை அப்படியே நம்ப மனம் இடம் தருவதில்லை.

இன்னொன்றைக் கவனியுங்கள். அந்த ஒழுங்குவிதி இறக்குமதியாளரை மட்டும் குறிப்பிடவில்லை. கொண்டு செல்வது, களஞ்சியப்படுத்துவது, விநியோகிப்பது, விற்பது, விற்பனைக்கு வைப்பது எல்லாமே அதில் அடங்கும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கடைக்கு வந்து கேட்டால், "கொழும்பில் இருந்து வந்தது, எனக்கென்ன தெரியும்" என்று சொல்லித் தப்ப முடியாது.

எந்தச் சாமானைப் பற்றிக் கேட்பது?

கடையில் ஆயிரம் சாமான் இருந்தாலும் கேட்க வேண்டிய பயிர்கள் நாலுதான். சோயா, சோளம், கனோலா, பருத்தி. உலக வர்த்தகத்தில் வரும் மரபணு உணவில் மிகப் பெரும் பங்கு இந்த நாலில் இருந்துதான். சோயா என்றால் அமெரிக்கா, பிரேசில், ஆர்ஜென்டினா. சோளம் என்றாலும் அதே நாடுகள். கனோலா என்றால் கனடா. பருத்தி என்றால் இந்தியாவும் சேரும்.

மைசூர் பருப்பு, கடலை, பயறு, உளுந்து, மல்லி, மிளகாய், பெரிய வெங்காயம், தேங்காய் எண்ணெய், பாம் எண்ணெய், நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், பேரீச்சம்பழம் இவற்றில் எதிலும் சந்தைக்கு வரும் மரபணு இனம் கிடையாது. சம்பா, நாடு, பாஸ்மதி எதுவாக இருந்தாலும் கடைக்கு வரும் அரிசியும் அப்படித்தான். கோதுமையில் ஆர்ஜென்டினா 2020இல் ஓர் இனத்துக்கு அனுமதி கொடுத்தது, உலகச் சந்தையில் மற்றது எல்லாம் சாதாரணக் கோதுமை. சீனியைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு செய்தி: அமெரிக்காவில் மரபணு பீட் கிழங்கில் இருந்து சீனி எடுக்கிறார்கள், நாம் விற்பது கரும்புச் சீனி. பிரேசிலில் 2017இல் மரபணுக் கரும்பு ஒன்றுக்கும் அனுமதி கிடைத்திருக்கிறது என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

நெல்லில் புதிதாக ஒன்று வருகிறது. 2025 மே மாதம் இந்தியா இரண்டு நெல் இனங்களை அறிவித்தது. அவற்றில் வெளி உயிரின் மரபணு எதையும் வைக்கவில்லை, நெல்லின் சொந்த மரபணுவையே திருத்தியிருக்கிறார்கள். இப்படிப்பட்ட பயிர்களுக்கு மரபணுப் பயிர்களுக்குரிய பழைய கட்டுப்பாடுகள் வேண்டாம் என்று 2022இலேயே இந்தியா தீர்மானித்துவிட்டது. அந்த அரிசி ஒரு நாள் கப்பல் ஏறினால் அதற்கு என்ன லேபல் என்பதை நமது சுகாதார அமைச்சு இப்போதே யோசிப்பது நல்லது.

நாலு பயிரும் நேரடியாக வந்தால் அடையாளம் காண்பது சுலபம். அவை முக்காடு போட்டுக்கொண்டுதான் வரும். பிஸ்கட், சொக்லட் லேபலில் 'லெசித்தின்' அல்லது 322 என்ற இலக்கம் இருந்தால், அது அநேகமாகச் சோயா. கஸ்டர்ட் பவுடர் பெரும்பாலும் சோள மாதான். கோன் ப்ளவர், குளுக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், மோல்டோடெக்ஸ்ட்ரின் ஆகியவையும் பெரும்பாலும் சோளத்தில் இருந்து வருபவை. சில நாடுகளில் மரவள்ளியில் இருந்தும் எடுப்பார்கள். நோன்பு காலத்தில் நம் கடைகளில் அதிகம் ஓடுவதே இந்த வகைகள்தான். சூப் பவுடர், சோஸ், குழந்தைகளின் நொறுக்குத் தீனி எல்லாவற்றிலும் இவை இருக்கும். பொப்கோர்ன் சோளம் மட்டும் இதில் சேராது, அந்த இனத்தில் வியாபாரத்துக்கு வரும் மரபணு விதை இல்லை.

'தாவர எண்ணெய்' என்று மட்டும் எழுதிய போத்தல்தான் எனக்குப் பெரிய தலையிடி. எந்தத் தாவரம்? இந்தியாவில் 2002இல் மரபணுப் பருத்திக்கு அனுமதி கிடைத்தது. இன்று அங்கே பருத்தி விளையும் நிலத்தில் 90 வீதத்துக்கு மேல் அதுதான். துணிக்குத்தானே என்று விட்டுவிட முடியாது, பருத்தி விதையில் இருந்து சமையல் எண்ணெயும் எடுக்கிறார்கள். கத்தரிக்காய் வேண்டாம் என்று 2010 பெப்ரவரியில் நிறுத்தி வைத்த நாடு, பருத்தி எண்ணெயை அந்தப் பெயரில் கணக்கெடுக்கவே இல்லை. டில்லியில் உள்ள விஞ்ஞான சுற்றாடல் மையம் 2018இல் அங்கே கடைகளில் 65 உணவுப் பொருட்களை வாங்கிப் பரிசோதித்தது. 32 வீதத்தில் மரபணு இருந்தது. அவற்றில் பெரும்பாலானவை இறக்குமதிப் பொருட்கள். லேபலில் அதைச் சொல்லாதவையே அதிகம். 'மரபணு கலக்காதது' என்று எழுதிய சில பொருட்களும் அதில் அகப்பட்டன. பக்கத்து நாட்டில் இதுதான் நிலைமை என்றால் நமது தட்டு எப்படி இருக்கும் என்று ஊகிக்க வேண்டியதில்லை, பரிசோதித்துப் பார்க்க வேண்டும்.

சோயா மீட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தோட்டத்து லயங்களில் கிழமையில் நாலு நாள் கறி என்றால் அதுதான். கோழியும் மீனும் விற்கும் விலையில், பிள்ளைகளுக்குப் புரதம் கிடைப்பது பருப்பிலும் சோயாவிலும் முட்டையிலும்தான். ஒரு வதந்தியை நம்பி அந்தத் தாய் சோயா பெக்கட்டை வைத்துவிட்டு, வெறும் ரொட்டியும் சம்பலுமாகப் பிள்ளைக்குக் கொடுத்தால், அந்த நட்டத்தை யார் தருவார்? உண்மை என்னவென்றால் இந்தியாவில் மரபணுச் சோயா செய்கைக்கு அனுமதி இல்லை. இந்தியச் சோயாவில் செய்த சோயா மீட் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. ஆகவே கம்பனியிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: உங்கள் சோயா மா எந்த நாட்டில் இருந்து வருகிறது? பதில் இந்தியா என்றால் அதை எழுதிக் கொடுங்கள். அந்தத் தாயிடம் நான் தைரியமாகச் சொல்லிக் கொடுப்பேன்.

கோழி இறைச்சி, முட்டை, பால்மா ஆகியவற்றைப் பற்றியும் கேட்கிறார்கள். மரபணுக் கோழி என்று ஒன்று கடையில் இல்லை. கோழி தின்னும் தீனியில் சோளமும் சோயாப் புண்ணாக்கும் இருக்கிறது. அது மரபணுத் தானியமாகவும் இருக்கலாம். இந்தியாவே 2021 ஒகஸ்டில் 12 இலட்சம் தொன் மரபணுச் சோயாப் புண்ணாக்கைக் கோழித் தீனிக்காக இறக்குமதி செய்ய இடம் கொடுத்தது. தீனி தின்ற மிருகத்தின் இறைச்சிக்கோ பாலுக்கோ ஐரோப்பாவில்கூட மரபணு லேபல் கிடையாது. நமது ஒழுங்குவிதியும் மனித உணவைப் பற்றியதுதான். இதைக் கேட்பவருக்கு உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது நல்லது.

ஹலால் முத்திரை இருந்தால் மரபணு இல்லை என்று நினைக்கும் சகோதரர்களும் இருக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு விடயங்கள். இன்னும் சொல்லப் போனால், சீஸ் உறைய வைக்க முன்பு கன்றுக்குட்டியின் இரைப்பையில் இருந்து எடுத்த ரெனட் பாவித்தார்கள். அறுத்த முறை தெரியாததால் நம்மவர்கள் தயங்கினார்கள். 1990இல் இருந்து மரபணு மாற்றிய நுண்ணுயிர் மூலம் அதே நொதியைத் தயாரிக்கிறார்கள். விலங்கு ரெனட் இல்லை என்று பார்த்து நாம் வாங்கும் சீஸில் பலவற்றின் பின்னால் இருப்பது அதுதான். பன்றியில் இருந்து எடுத்த இன்சுலினுக்குப் பதிலாக, மரபணு மாற்றிய நுண்ணுயிர் தரும் இன்சுலின் 1982இல் வந்தது. சீனி வருத்தக்காரர் எத்தனையோ பேர் அதைத்தான் போட்டுக்கொள்கிறார்கள். மரபணு என்ற சொல்லைக் கேட்டதும் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடுபவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

பயத்தை விற்கும் வியாபாரம்

ஒரு பக்கம் லேபல் இல்லை என்றால், மறு பக்கம் தேவையில்லாத லேபல். கடந்த வருடம் ஒரு விநியோகஸ்தர் தேங்காய் எண்ணெய்ப் போத்தல் கொண்டுவந்தார். 'மரபணு கலக்காதது' என்று பச்சை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. வழமையான போத்தலை விட நல்ல விலை கூட. மரபணுத் தென்னை என்று ஒன்று உலகச் சந்தையிலேயே இல்லை, எதற்கு இந்த ஸ்டிக்கர் என்று கேட்டேன். "இப்ப ஆட்கள் அதைத்தானே கேக்கிறாங்க ஹாஜியார்" என்றார். வெளிநாட்டில் உப்புக்கும் இதே ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். உப்பு ஒரு கனிமம், அதில் மரபணு எங்கே இருக்கிறது? பொய் சொல்லவில்லை என்று வாதாடலாம். ஆனால் ஏழை வாடிக்கையாளரின் பயத்தில் இருந்து காசு எடுப்பதை நான் வியாபாரம் என்று சொல்ல மாட்டேன். அந்தப் போத்தலை எடுக்கவில்லை.

அப்பிள் ஸ்டிக்கர் கதையும் அப்படித்தான். ஐந்து இலக்கத்தில் 8 என்று தொடங்கினால் மரபணுப் பழம் என்று ஒரு செய்தி வருடக் கணக்காகச் சுற்றுகிறது. அந்த இலக்கத்தை ஒரு காலத்தில் அதற்காக ஒதுக்கி வைத்தது உண்மை. பழக் கடையில் எவரும் அதைப் பாவித்ததில்லை. 9 என்று தொடங்கும் ஐந்து இலக்கத்துக்கு மட்டும் அர்த்தம் உண்டு, அது சேதனப் பழம். ஐரோப்பிய, அமெரிக்கச் சேதன முத்திரை உள்ள பொருட்களில் மரபணு விதை பாவிக்கக் கூடாது என்பது விதி. தவிர்க்க விரும்பும், காசு கொடுக்கக் கூடிய வாடிக்கையாளருக்கு நான் காட்டுவது அந்த முத்திரையைத்தான். காசு இல்லாதவருக்கு நாட்டின் பெயரைப் பார்க்கச் சொல்கிறேன். இறக்குமதிப் பொருளில் உற்பத்தி நாடு எழுதியிருக்கும். அதோடு, எவ்வளவு குறைவாகப் பெக்கட் சாமான் வாங்குகிறாரோ அந்த அளவுக்கு இந்தக் கவலையும் குறையும். குரக்கன், பயறு, கௌபி, நாட்டு அரிசி விற்பதில் நமக்கும் இலாபம் இல்லாமல் இல்லை.

பரிசோதனைக்கு அனுப்பினால் என்ன என்று கேட்கலாம். சோள மாவிலும் சோயா மாவிலும் ஆய்வுகூடத்தில் கண்டுபிடித்துவிடலாம். நன்றாகச் சுத்திகரித்த எண்ணெயில் மரபணுவின் தடயம் மிஞ்சுவதே அபூர்வம். அதனால் எண்ணெயைப் பொறுத்தவரை ஆய்வுகூடத்தை விடக் காகிதம் முக்கியம். எந்த நாட்டு விதை, எந்தக் களஞ்சியம், வேறு எதனோடும் கலக்காமல் வந்ததா என்பதை வயலில் இருந்து துறைமுகம் வரை தொடர்ந்து எழுதி வரும் காகிதம்.

காகிதம் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்க அரிசிக்காரர்கள் சாட்சி. 2006 ஒகஸ்டில் அவர்களுடைய நீள அரிசியில், மனித உணவுக்கு இன்னும் அனுமதி பெறாத மரபணு இனம் ஒன்று மிகச் சிறு அளவில் கலந்திருப்பது வெளியானது. பேயர் கம்பனியின் பரீட்சார்த்த நெல் அது. எப்படிக் கலந்தது என்பதை முழுமையாக யாராலும் சொல்ல முடியவில்லை. ஜப்பான் வாசலை மூடியது, ஐரோப்பா ஒவ்வொரு சுமைக்கும் பரிசோதனை கேட்டது, விலை விழுந்தது. அந்த நெல்லை விதைக்காத, பெயரையே கேள்விப்படாத விவசாயிகள் நட்டப்பட்டார்கள். வழக்குப் போட்டு ஐந்து வருடத்துக்குப் பிறகு, 2011இல், பேயர் 75 கோடி டொலர் வரை கொடுக்க இணங்கியது. நமக்கு வழக்குப் போடவும் வசதியில்லை, ஐந்து வருடம் காத்திருக்கவும் முடியாது. பிஸ்கட் பெட்டி ஒன்றைத் திருப்பி எடுக்க வைக்கவே ரெப்பிடம் மூன்று தடவை சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் செய்வது இதுதான். சோயா, சோளம், கனோலா, பருத்தி இந்த நாலில் ஏதாவது உள்ள இறக்குமதிச் சாமான் என்றால், ஓடருடன் ஒரு கடிதமும் கொடுக்கிறேன். தமிழிலும் சிங்களத்திலும் நாலு வரி. மூலப்பொருள் எந்த நாட்டது, மரபணு கலந்ததா இல்லையா, கலந்தது என்றால் பிரதான உணவு அதிகாரியின் அனுமதி உண்டா, இல்லை என்றால் அதற்கான சான்றிதழின் பிரதி தர முடியுமா. முதலில் ரெப்மார் சிரித்தார்கள். "மேல கேட்டுச் சொல்றேன்" என்று போன ஒருவர் ஏழு மாதமாக மேலேயே இருக்கிறார். ஒரு கடைக்காரன் கேட்டால் அப்படித்தான். பலாங்கொடையிலும் இரத்தினபுரியிலும் பெல்மதுளையிலும் பதினைந்து இருபது கடைக்காரர்கள் ஒரே மாதத்தில் ஒரே கடிதத்தைக் கொடுத்தால் கொழும்பில் பைல் திறப்பார்கள். வர்த்தக சங்கக் கூட்டங்களில் பார்க்கிங் பிரச்சினைக்கு ஒதுக்கும் நேரத்தில் கால்வாசி போதும்.

இதுவரை எனக்கு எழுத்தில் கிடைத்திருப்பது மூன்று பதில்கள். ஒரு சோயா மீட் கம்பனி இந்தியச் சோயா என்று கடிதத் தலைப்பில் எழுதி, இறக்குமதிச் சான்றிதழின் பிரதியும் வைத்து அனுப்பியது. கஸ்டர்ட் பவுடர் கம்பனி ஒன்று தனது சோள மா தாய்லாந்தில் இருந்து வருவதாக எழுதியது. மூன்றாவது, ஓர் எண்ணெய் இறக்குமதியாளர். 'தாவர எண்ணெய்' என்றால் எந்தத் தாவரம் என்று கேட்டிருந்தேன். தாவரத்தின் பெயரைச் சொல்லாமல், சர்வதேசத் தரத்துக்கு அமைவானது என்று மட்டும் பதில் வந்தது. முதல் இரண்டு கடிதங்களையும் கல்லாப்பெட்டிக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன், கேட்பவர்கள் வாசித்துவிட்டு வாங்குகிறார்கள். அந்த எண்ணெயை அடுத்த ஓடரில் இருந்து எடுக்கவில்லை.